ஆடும் ஸ்டியரிங்: ஆபத்து எங்கே, வைத்தியம் என்ன?

வீட்டில் ஒரு வாகனம் இருந்தால் அதை ஓட்டுபவர் பெரும்பாலும் ஒருவர்தான். ஏறி உட்காருபவர்களோ வீட்டார் எல்லோரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், வியாபாரச் சாமான்கள் வருவதும் அதே வாகனத்தில்தான். அப்படியிருக்க, "அது ஆம்பிளைகளின் வேலை, நமக்கென்ன தெரியும்" என்று நாம் ஒதுங்கியிருப்பது சரியல்ல. எரியும் அடுப்பைப் பற்றி எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறோமோ, அந்த அளவுக்காவது ஓடும் வாகனத்தைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும்.

இம்மாதம் நாம் பார்க்கப் போவது ஸ்டியரிங் பொக்ஸ். பழைய கார், ஜீப், லொறி உள்ள வீடுகளில் இந்தப் பெயர் அடிக்கடி கேட்கும். "பொக்ஸ் தேய்ந்துவிட்டது, மாத்த வேணும்" என்று மெக்கானிக் சொல்வார். அது உண்மையா, எப்படிச் சோதிப்பது, வீட்டு வளவிலேயே மாற்றலாமா, மாற்றும்போது எங்கே கவனம் வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாழ்ப்பாணமும் பழைய வண்டிகளும்

பழைய வாகனங்களை வீட்டிலேயே திருத்தி ஓட்டுவதில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தனிப்பெயர் உண்டு. 1950களிலும் 60களிலும் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் அங்கே பல பத்தாண்டுகள் வாடகைக் கார்களாகவும் வீட்டுக் கார்களாகவும் ஓடின. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் போகத் தடை வந்தது. அந்த நாட்களில் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஓடாமல் நின்ற ஒரு காரில் கழற்றியதை ஓடும் காரில் பூட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. புதிய பாகம் கிடைக்காது என்ற நிலை வந்தால், இருப்பதை எப்படி நெடுநாள் காப்பது என்ற அறிவு தானாக வளரும். அப்படித்தான் அங்கே வளர்ந்தது.

ஆனால் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தத் தடைக் காலத்தை அங்கிருந்து அனுபவிக்கும் வாய்ப்புக்கூட இருக்கவில்லை. 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், விடுதலைப் புலிகளால் அவர்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் அதிகம். சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்தவர்களில் இரும்புச் சாமான் வியாபாரிகளும் லொறிக்காரரும் தையல்காரரும் நகை வியாபாரிகளும் இருந்தார்கள். கடையும் லொறியும் ஆயுதங்களும் உபகரணங்களும் அங்கேயே நின்றுவிட, கையில் சில நூறு ரூபாயோடும் மாற்று உடையோடும் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று போய்ச் சேர்ந்தார்கள். ஏ 9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள். 2009இல் போர் முடிந்த பின் இன்னும் சிலர் திரும்பிக் குடியேறினார்கள். தொழிலை மீண்டும் தொடங்குகிறவர் புது லொறியா வாங்குவார்? பழையதொன்றை வாங்கித் திருத்தித்தான் ஓட்ட முடியும்.

இன்னொன்றும் சேர்ந்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டில் பழைய வாகனங்களுக்கு மதிப்புக் கூடியது. ஆகவே இது முடிந்துபோன காலத்துக் கதையல்ல. வயதான வாகனம் பல வீடுகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பொக்ஸுக்குள் என்ன இருக்கிறது?

இறைச்சி அரைக்கும் மெஷினைக் கழற்றிக் கழுவியிருப்பீர்கள். அதற்குள்ளே சுருள் சுருளாக ஓர் இரும்புத் தண்டு இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் சுருள் இறைச்சியை முன்னே தள்ளும். ஸ்டியரிங் பொக்ஸிலும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. சாரதி பிடிக்கும் வளையத்திலிருந்து வரும் நீளத் தண்டின் அடி நுனியில் சுருள் பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு கடின உருக்கு முளை உட்கார்ந்திருக்கும். வளையத்தைத் திருப்பினால் பள்ளம் முளையை ஒரு பக்கம் தள்ளும். முளை பூட்டியிருக்கும் குறுக்குத் தண்டு பொக்ஸுக்கு வெளியே நீண்டு, டிரொப் ஆம் என்ற கையை அசைக்கும். அந்தக் கை கம்பிகளை இழுக்க, முன் சில்லுகள் திரும்பும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களில் இருப்பது இந்த முளை வகை. லொறிகளிலும் பல ஜீப்களிலும் முளைக்குப் பதிலாகச் சிறிய உருக்குக் குண்டுகள் பள்ளத்தில் உருண்டோடும். வேலை ஒன்றுதான்.

எல்லா வாகனத்திலும் இந்தப் பொக்ஸ் இல்லை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மொறிஸ் மைனரில் 1948இல் அது வெளிவந்த நாளிலிருந்தே றாக் என்னும் பல்வைத்த சட்டம்தான். இன்றைய சிறு கார்கள் அனைத்தும் அநேகமாக அந்த வகையே. ஆகவே மைனர் கார் வைத்திருப்பவரிடம் ஒருவர் "பொக்ஸ் மாத்த வேணும்" என்றால், அவருக்கு அந்தக் காரைத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேய்மானத்தை எப்படி அறிவது?

நேராகப் போகும்போது சாரதி வளையத்தை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறாரா? வளையத்தை ஒரு விரற்கடைக்கு மேல் திருப்பிய பிறகுதான் சில்லு அசைகிறதா? வளைவு முடிந்தபின் வளையம் நேர்நிலைக்கு வராமல் இறுகி நிற்கிறதா? பொக்ஸின் அடியில் கறுப்பு ஒயில் ஒழுகியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதிக்க வேண்டும். பழைய பொக்ஸ் வண்டிகளில் வளையத்தின் விளிம்பில் ஓர் அங்குலம் வரை சும்மா ஆடுவது பொதுவாகப் பொறுக்கக்கூடியது. அதற்கு மேல் போனால் பொறுக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். இதில் நம்முடைய உதவி மிகப் பெரியது. எஞ்சினை நிறுத்தி, சில்லுகள் தரையில் நிற்க, ஒருவர் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து வளையத்தை மெதுவாக இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்ட வேண்டும். மற்றவர் பொனற்றைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும்.

நீளத் தண்டு திரும்புகிறது, ஆனால் டிரொப் ஆம் அசையவில்லை என்றால் தேய்மானம் பொக்ஸுக்குள்.

டிரொப் ஆம் அசைகிறது, அதோடு பூட்டிய கம்பி அசையவில்லை என்றால் குறை மூட்டில்.

பொக்ஸ் முழுவதுமே செஸியில் அசைகிறது என்றால் பூட்டிய போல்ட்கள் தளர்ந்திருக்கின்றன. அல்லது அந்த இடத்தில் செஸியே வெடித்திருக்கிறது.

பிறகு முன்பக்கத்தை ஜக்கில் தூக்கித் தாங்கு வைத்து, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெயரிங் அல்லது கிங் பின். இருபக்கமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் மூட்டுக்களின் தளர்வு தெரியும். டயர்க் காற்று குறைவாக இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் பொக்ஸைக் குற்றஞ்சாட்ட வேண்டும். மூட்டு ஒன்று போயிருக்கப் பொக்ஸை மாற்றினால் பணமும் போய்விடும், ஆபத்தும் அப்படியே இருக்கும்.

கடலோர ஊர்களில் இன்னொரு கவனம் தேவை. குடாநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரமில்லை. உப்புக் காற்றில் செஸி கறள் பிடிக்கும். பொக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கண்ணென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலி வந்து தகடு உதிர்ந்தால் முதலில் செஸிக்கு வைத்தியம் செய்ய வேண்டும். உக்கிய சுவரில் புது ஆணி நிற்காது.

திருகாணியைத் திருகினால் போதாதா?

பொக்ஸின் மேல்மூடியில் ஒரு திருகாணியும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். அதை இறுக்கினால் ஆட்டம் குறையும். பல மெக்கானிக்குகள் செய்வது இதைத்தான். செய்யக்கூடாதென்றில்லை. ஆனால் ஓர் எல்லை உண்டு.

வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. ஆகவே சுருள் பள்ளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். ஓரங்கள் புதிதுபோலவே இருக்கும். இறுக்கும்போது நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், வளைவில் திருப்பும்போது தேயாத ஓரத்தில் முளை இறுகிப் பிடிக்கும். வளைவில் பிடித்துக்கொள்ளும் ஸ்டியரிங், ஆடும் ஸ்டியரிங்கைவிட மோசமானது. ஆகவே சில்லுகளை நேராக வைத்து, சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடித்தால் திருகாணியைத் தளர்த்த வேண்டும். பிடிக்காத நிலையில் ஆட்டம் இன்னும் மிச்சமென்றால் பொக்ஸின் காலம் முடிந்தது. மாற்றத்தான் வேண்டும்.

ஒயில் ஒழுகுகிறது என்று சிலர் பொக்ஸுக்குள் கட்டிக் கிறீஸை அடைத்துவிடுவார்கள். முளை ஒருமுறை ஒதுக்கிய கட்டிக் கிறீஸ் திரும்பி அந்த இடத்துக்கு வராது. இரும்பும் இரும்பும் உரசித் தேயும். புது ஒயில் சீல் போட்டு, கையேடு சொல்லும் கியர் ஒயிலை விடுவதே சரி.

வீட்டு வளவில் மாற்றும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. வளையத்தின் நடுவில் காற்றுப்பை உள்ள வாகனத்தையும், பவர் ஸ்டியரிங் உள்ளதையும் வீட்டில் தொடவேண்டாம். அவை பயின்றவர்களின் வேலை. இங்கே சொல்வது பழைய, எளிய வண்டிகளுக்கு. அதிலும் கைப்பழக்கம் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை உயிர் சம்பந்தமானது. ஜக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கல்ல. ஜக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. சரியான இரும்புத் தாங்குகளைச் செஸிக்குக் கீழே வையுங்கள். அது இல்லாவிட்டால், அகலமாக அறுத்த உறுதியான பனங்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சீமெந்துக் கல்லை ஒருபோதும் வைக்க வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். நிலம் மணலாக இருந்தால் அடியில் பலகை போடுங்கள். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தடை வையுங்கள். பிள்ளைகளை வளவின் அந்தப் பக்கம் விடாதீர்கள். இந்தக் காவல் வீட்டிலுள்ள பெண்ணின் கையில் இருந்தால் வேலை செய்பவருக்கும் நிம்மதி.

இனி வேலை. சில்லுகளை நேராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பற்றரியின் ஒரு முனையைக் கழற்றுங்கள். ஏனென்றால் ஹோர்ன் வயர் இந்தத் தண்டு வழியாகத்தான் வருகிறது. ஹோர்ன் பொத்தானைக் கழற்றி, எந்த வயர் எங்கே என்று எழுதி வையுங்கள். வளையத்தின் நட்டைத் தளர்த்துங்கள், முழுதும் எடுக்க வேண்டாம். வளையம் திடீரென்று விடுபட்டால் முகத்தில் அடிக்கும். அது அசைந்த பிறகு நட்டை எடுக்கலாம். வளையத்துக்கும் தண்டுக்கும் ஒரு நேர்க்கோட்டுக் குறி போட மறக்க வேண்டாம்.

அடுத்து டிரொப் ஆம். கழற்ற முன் ஆமிலும் தண்டிலும் சிறு உளியால் குறி இட வேண்டும். "நானா, ஆமுக்குக் குறி போட்டீங்களா?" என்ற ஒரு கேள்வியே அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். நட்டை எடுத்த பின்னும் ஆம் இலேசில் வராது. புல்லர் என்ற கருவியால்தான் இழுக்க வேண்டும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால் உள்ளே முளையும் பள்ளமும் நொறுங்கும். ஆமை நெருப்பில் சூடாக்குவதும் கூடாது. சூடேறிய உருக்கு தன் பதத்தை இழந்துவிடும்.

பிறகு உள்ளே டாஷ்போர்டின் கீழே தண்டைப் பிடித்திருக்கும் பட்டியைத் தளர்த்தி, செஸியின் போல்ட்களைக் கழற்றுங்கள். பல பழைய ஒஸ்ரின் வண்டிகளில் நீளத் தண்டும் பொக்ஸும் ஒரே உறுப்பு. சேர்த்தே வெளியே வரும். பொக்ஸுக்கும் செஸிக்கும் இடையில் மெல்லிய தகடுகள் இருந்தால் அவற்றை எண்ணி எடுத்து வையுங்கள். போல்ட், நட், தகடு ஒவ்வொன்றையும் பழைய தேயிலைப் பேணிகளில் தனித்தனியே போட்டு, பேணியின் மேல் பெயர் எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

வாங்கி வந்த பொக்ஸைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். துளைகளின் இடைவெளி, தண்டின் நீளம், நுனியிலுள்ள பல்வரிகளின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் வண்டியின் பொக்ஸ் நம் வலப்பக்க வண்டிக்குப் பொருந்தாது. பழைய இரும்புக் கடையில் வாங்கியதென்றால் மூடியைத் திறந்து பள்ளத்தின் நடுவைப் பாருங்கள். அங்கே குழியோ செதிலோ இருந்தால் வேண்டாம்.

பொக்ஸைப் பூட்ட முன் ஒயில் விட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதிதான் நடு. பொக்ஸ் நடுவில் நிற்க, சில்லுகள் நேராக நிற்க, அந்த நிலையில் ஆமைப் பூட்ட வேண்டும். இதில் பிசகினால் ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாகத் திரும்பும். செஸி போல்ட்களை முதலில் கையால் மட்டும் பூட்டி, உள்ளே தண்டு எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே பட்டியைப் பொருத்தி, பிறகு செஸி போல்ட்களை முழுதாக இறுக்கி, கடைசியாகப் பட்டியை இறுக்குங்கள். தண்டை வலிந்து வளைத்துப் பூட்டினால் ஸ்டியரிங் கனக்கும். புதுப் பொக்ஸும் விரைவில் தேயும்.

இரண்டு பின்களின் கதை

டிரொப் ஆமின் நட்டுக்கும் மூட்டுக்களின் நட்டுக்களுக்கும் பூட்டுத் தகடோ ஸ்பிளிட் பின்னோ உண்டு. விலை மிகக் குறைந்த சாமான் இவை. ஆனால் வண்டியில் உள்ள எல்லா உயிர்களும் இவற்றில்தான் தொங்குகின்றன. நட் கழன்று ஆம் விழுந்தால் சாரதியின் கையில் வெறும் வளையம்தான் மிஞ்சும். எந்தத் திறமையும் உதவாது. பிரேக் போனால் கியரைக் குறைத்தாவது பார்க்கலாம். ஸ்டியரிங் போனால் அந்த வாய்ப்பும் இல்லை.

ஆகவே பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை வளைத்ததை மறுமுறை வளைத்தால் முறியும். பின் கிடைக்கவில்லை என்று கம்பித் துண்டோ ஆணியோ செருகுவதும் கூடாது. வேலைக்கு முன்பே புதுப் பின்களும் பூட்டுத் தகடுகளும் வாங்கி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பின்களை எண்ணுங்கள். பூட்டிய புதியவற்றை எண்ணுங்கள். இரண்டும் சரியாக வரவேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்க மெக்கானிக் படிப்புத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

முடிந்த பின்

வண்டியை இறக்க முன் வளையத்தைக் கோடிக்குக் கோடி திருப்பிப் பாருங்கள். சில்லுக்குரிய தடுப்பு, பொக்ஸின் கோடிக்கு முன்பே நிறுத்த வேண்டும். பிரேக் குழாயில் எதுவும் உரசக் கூடாது.

பிறகு முன் சில்லுகளின் இடைவெளி. இரு டயர்களின் முன்பக்க நடுவில், அச்சின் உயரத்தில், சுண்ணக்கட்டியால் குறி போட்டு, இடையே எவ்வளவு என்று அளக்கவும். வண்டியைச் சில்லு அரைச்சுற்றுச் சுற்றும்வரை முன்னே தள்ளி, குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்கவும். பழைய பொக்ஸ் வண்டிகள் பலவற்றில் முன் அளவு மிகச் சிறிதளவு குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். இதற்கு இரும்பு நாடாவை எடுங்கள். தையல் நாடா இழுபடும், கணக்குப் பிசகும்.

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள், மெதுவாக, ஆள் ஏற்றாமல். அடுத்த சில நாட்கள் ஓடிய பிறகு எல்லா நட்டுக்களையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒயில் ஒழுகுகிறதா என்று இரவில் வண்டிக்கடியில் ஒரு காகிதம் விரித்து வையுங்கள். காலையில் அது சொல்லிவிடும்.

குடாநாட்டுப் பெண்கள் சைக்கிள் ஓடுவதில் கைதேர்ந்தவர்கள். சைக்கிளின் ஹாண்டில் சற்றே ஆடினாலும் இறங்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள். அதே கண்ணை வீட்டு வண்டியின் மீதும் ஒருமுறை ஓடவிடுங்கள். ஓட்டுபவருக்குப் பழகப் பழக ஆட்டம் தெரியாமல் போய்விடும். தேய்மானம் மெதுவாக வருவதால் கை அதற்கு ஏற்பப் பழகிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது முதலில் தெரியும். தெரிந்தால் சொல்லுங்கள். அவர் கோபித்தாலும் சொல்லுங்கள். இல்லாததிலிருந்து ஒரு குடும்பத்தை மீண்டும் நிறுத்தப் பாடுபடுகிறவரின் உழைப்பும், அவரோடு ஏறும் பிள்ளைகளின் உயிரும் அமானிதம் அல்லவா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பிரேக் ஒயிலைப் பற்றிப் பார்ப்போம்.